"ஜஸ்ட் நவ்"னா எப்போ? ஒரு சின்ன இங்கிலீஷ் சொல் பார்க்குற பல வேலைகள்

சவுத் ஆப்ரிக்காவுக்கு வேலைக்கோ படிக்கவோ புதுசா வர்ற நம்ம ஆளுங்ககிட்ட முதல்லயே சொல்லிட வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு, இங்க யாராவது "ஜஸ்ட் நவ்"னு சொன்னா அது இப்போ இல்ல. பிளம்பர் போன்ல "ஐ வில் பீ தேர் ஜஸ்ட் நவ்"னு சொன்னா அரை மணி நேரமும் ஆகலாம், சாயங்காலமும் ஆகலாம், சில நேரம் நாளைக்குன்னும் ஆகலாம், ஆனா அந்தாளு டூல்ஸ் பேக்கை எடுத்துட்டு வண்டியில ஏறிட்டார்னு மட்டும் அர்த்தம் இல்ல. சென்னையிலயோ மதுரையிலயோ இங்கிலீஷ் கத்துக்கிட்டு வந்தவங்களுக்கு ஜஸ்ட் நவ்னா "இப்பதான்", அதாவது ஹி லெஃப்ட் ஜஸ்ட் நவ்னா இப்பதான் போனார், இல்லன்னா "இப்பவே". அந்த ரெண்டு அர்த்தத்தையும் நம்பி இங்க கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்தா நாள் போயிடும்.

இதை "ஆப்ரிக்கன் டைம்"னு சிரிச்சுட்டு விடுறவங்க நிறைய பேர். எனக்கு அதுல உடன்பாடு கிடையாது. இங்க உள்ளவங்க நேரத்தை மதிக்கலைன்னு அர்த்தம் இல்ல, இந்த ஊரு இங்கிலீஷ்ல அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேற, அது எப்படி வேற ஆச்சுன்னு பார்க்கப் போனா ஜஸ்ட்ங்கிற ஒத்தைச் சொல்லோட முழு வரலாறையும் தொட வேண்டி வருது, அந்த வரலாறு ரொம்ப அழகானது, அதான் கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

லத்தீன்ல "யூஸ்"னா சட்டம், உரிமை. அதுல பிறந்தது "யூஸ்டுஸ்", சட்டத்துக்கு ஒத்துப்போறவன், நியாயமானவன். பழைய பிரெஞ்சு வழியா 14-ஆம் நூற்றாண்டுவாக்குல இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு, வரும்போது நீதிங்கிற அர்த்தத்தோடதான் வந்துச்சு. ஜஸ்டிஸ் இதோட கூடப்பிறந்தது. ஜட்ஜ் அதே வீட்டு ஆளு, லத்தீன்ல "சட்டத்தை எடுத்துச் சொல்றவர்"னு பொருள். இன்ஜுரியும் அங்க இருந்துதான், முதல்ல அது அநியாயம், அப்புறம்தான் காயம். 1611-ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல "தி ஜஸ்ட் ஷல் லிவ் பை ஃபெய்த்"னு வர்ற வரி தமிழ் பைபிள்ல "விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்"னு இருக்கும். அங்க ஜஸ்ட்னா நீதிமான்.

நீதிமான்ல இருந்து "ஜஸ்ட் மிஸ்ஸு"க்கு எப்படி வந்தோம்? நடுவுல ஒரு படி இருக்கு, அது அளவு. சட்டத்துக்குச் சரியா இருக்குறவன் நியாயமானவன்னா, குறையாம கூடாம இருக்குற எடை நியாயமான எடை. முன்னெல்லாம் கடையில அரிசி அளக்கும்போது படியைக் கும்பாச்சியாவும் விடாம குறைச்சும் விடாம தலைதட்டி அளப்பாங்களே, அந்தத் தலைதட்டுற இடம்தான் ஜஸ்ட். அங்க இருந்து 1400 ஒட்டி வினையடையா மாறி "மிகச்சரியா"ன்னு ஆச்சு, ஜஸ்ட் ஆஸ் யூ செட், நீங்க சொன்ன மாதிரியேன்னு அர்த்தம். அச்சுக்கோர்ப்புல வரியோட ரெண்டு ஓரத்தையும் ஒரே நேர்கோட்டுல கொண்டு வர்றதுக்கு "ஜஸ்டிஃபை"ன்னு பேரு, இன்னைக்கும் வேர்டுல அந்தப் பட்டன் இருக்கு, அதுவும் இதே "மிகச்சரியா பொருத்துறது"தான், நீதிக்கும் அதுக்கும் மேலோட்டமா பார்த்தா சம்பந்தமே தெரியாது. அப்புறம் 17-ஆம் நூற்றாண்டுல ரெண்டு புதுக் கிளை விட்டுச்சு. மிகச்சரியா இவ்வளவுதான்னா அதுக்கு மேல இல்லைன்னு ஆகுது இல்லையா, அதனால "மட்டும், வெறும்". மிகச்சரியா இந்த நிமிஷம்னா ஒரு நிமிஷம் முன்னாடியும் கிட்டத்தட்ட அதேதான், அதனால "இப்பதான்".

தமிழ் பேசுறவங்களுக்கு இது புரியாத பாதை இல்ல. நம்ம "சரி"யைப் பாருங்க. அவர் சொன்னது சரி, இது நியாயம். சரியா எட்டு மணிக்கு வந்துட்டார், இது அளவு. சரியான மழைடா, சரியான ஆளுடான்னு சொல்றப்போ நியாயமும் இல்ல அளவும் இல்ல, சும்மா அழுத்தம். இங்கிலீஷ்ல இட்ஸ் ஜஸ்ட் வொண்டர்ஃபுல்னு சொல்றாங்களே அதுவும் இதே அழுத்தம்தான். ரெண்டு மொழிக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, நடந்த வழி மட்டும் ஒண்ணு.

டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் சனிக்கிழமைல பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்குறேன். இங்க நம்ம பிள்ளைங்களுக்கு வீட்டு மொழி இங்கிலீஷ்தான். 1860-ல இருந்து 1911 வரைக்கும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்குற இந்தப் பகுதிக்கு, கொண்டு வந்தவங்க 1,52,000 பேருக்கு மேல, அதுல பாதிக்கு மேல மெட்ராஸ் துறைமுகத்துல கப்பல் ஏறினவங்க, அவங்க பேரப்பிள்ளைங்க காலத்துல, 1960-கள் தொட்டு, வீட்டுக்குள்ள இங்கிலீஷ் வந்து தமிழ் ஓரமா ஒதுங்கிருச்சு. அதனால என் வகுப்புல பிள்ளைங்க இங்கிலீஷ்ல யோசிச்சுதான் தமிழ்ல எழுதும். ஒரு பொண்ணு "ஐ ஜஸ்ட் ஏட்"ங்கிறதைத் தமிழ்ல எழுதிட்டு வந்தா, நோட்டுல "நான் நியாயமாக சாப்பிட்டேன்"னு இருந்துச்சு. அகராதியில ஜஸ்ட்டுக்கு முதல்ல போட்டிருந்த பொருளை அப்படியே எடுத்து வச்சிருக்கா, அவ மேல தப்பே கிடையாது, அகராதி பழைய பொருளை முதல்ல போடுது, நாம தினம் பேசுற பொருள் கீழ எங்கயோ கிடக்குது. "ஆன்ட்டி, அப்போ ஜஸ்ட்டுக்குத் தமிழ்ல என்ன?"ன்னு கேட்டா. நல்ல கேள்வி அது.

ஒரு சொல்லும் இல்லைங்கிறதுதான் பதில், வாக்கியம் என்ன வேலை பார்க்குதுன்னு பார்த்து தமிழ்ல வேற வேற ஆளைக் கூப்பிடணும். போர்டுல எழுதிப் போட்டோம். ஐ ஜஸ்ட் ஏட், இப்பதான் சாப்பிட்டேன். ஐ ஏட் ஜஸ்ட் ரைஸ், வெறும் சோறு மட்டும் சாப்பிட்டேன். ஐ ஜஸ்ட் மிஸ்ட் தி பஸ்னா, தோ கண்ணு முன்னாடி போயிடுச்சு, ஒரு நிமிஷத்துல விட்டுட்டேன். ஐ ஜஸ்ட் கேம், சொல்ற தொனியைப் பொறுத்து இப்பதான் வந்தேன்னும் ஆகும், சும்மாதான் வந்தேன்னும் ஆகும். இந்த "சும்மா" இருக்கே, ஜஸ்ட்டுக்கு ரொம்பக் கிட்ட வர்ற தமிழ்ச் சொல் அதுதான்னு நினைக்கிறேன், காரணம் இல்லாம, காசு இல்லாம, வேலை இல்லாம, விளையாட்டுக்கு எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான், ஆனா அளவும் நேரமும் அதுக்கு வராது, "சும்மா எட்டு மணிக்கு"ன்னா ஜஸ்ட் அட் எய்ட் ஆகாது. ஜஸ்ட் கம் ஹியர்னு கூப்பிட்டா "கொஞ்சம் இங்க வாங்க", இங்க கொஞ்சம்னா அளவு இல்ல, மரியாதை. ஆபீஸ் மெயில்ல ஜஸ்ட் செக்கிங், ஜஸ்ட் ஃபாலோயிங் அப்னு ஆரம்பிக்கிறதும் இந்த ரகம்தான், நாம போன்ல "ஒண்ணுமில்ல, சும்மா கேட்கலாம்னுதான்"னு இழுக்குறோமே அது. ஜஸ்ட் லைக் யுவர் மதர்னா அச்சு அசல் அம்மா மாதிரியே. ஜஸ்ட் அபவுட்னா கிட்டத்தட்ட, மிகச்சரியாங்கிற சொல்லே தோராயத்துக்குத் துணைக்கு வந்து நிக்குது பாருங்க.

எந்த இடத்துல நிக்குதுங்கிறது ரொம்ப முக்கியம். "ஐ ஜஸ்ட் கான்ட் டூ இட்"னா என்னால முடியவே முடியாது. ஒரு சொல் தள்ளி "ஐ கான்ட் ஜஸ்ட் டூ இட்"னா எடுத்தோம் கவிழ்த்தோம்னு செய்ய முடியாது, யோசிச்சுதான் செய்யணும். முதல் ஆளு கையை விரிச்சுட்டார், ரெண்டாவது ஆளு செய்யத் தயாரா இருக்கார், நேரம்தான் கேட்கிறார். "நாட் ஜஸ்ட்"னா அது மட்டும் இல்ல, "ஜஸ்ட் நாட்"னா இல்லவே இல்ல. தமிழ்ல இந்த வேலையை "தான்", "ஏ", "மட்டும்"னு பின்னாடி ஒட்டுற துண்டுங்க பார்த்துக்குது, நமக்கு வாக்கியத்துல இடம் மாத்த வேண்டியது இல்ல, எதோட ஒட்டுறோம்ங்கிறதுதான் கணக்கு. நான்தான் போனேன், நான் போனேன்தான். இங்கிலீஷ்ல பிள்ளைங்க தடுமாறாத இடத்துல தமிழ்ல தடுமாறுறதும், தமிழ்நாட்டுல இருந்து வந்தவங்க இங்கிலீஷ்ல இதே இடத்துல தடுமாறுறதும் இதனாலதான்.

காதுலயும் ஒரு அடையாளம் இருக்கு. நீதிங்கிற அர்த்தத்துல வர்ற ஜஸ்ட்டை யாரும் விழுங்க மாட்டாங்க, முழுசா அழுத்திச் சொல்லுவாங்க. மத்ததெல்லாம் பேச்சு வேகத்துல ஜிஸ்ட், ஜெஸ், ஜஸ்னு தேஞ்சு போகும். இங்க பிள்ளைங்க மெசேஜ்ல டி-யை விட்டுட்டு "ஜஸ் நவ்"னுதான் அடிக்கும், அது சோம்பேறித்தனம்னு நான் திட்ட மாட்டேன், சொல்றபடி எழுதுது.

ஒரே தொடருக்குள்ள ரெண்டு ஜஸ்ட்டும் ஒளிஞ்சிருக்குற இடம் நம்ம டர்பன்லயே இருக்கு. தெற்கே ப்ராஸ்பெக்டன்ல டொயோட்டா பேக்டரி இருக்கு, அந்தப் பக்கம் நம்ம குடும்பங்கள்ல நிறைய பேருக்கு அதுலயோ அதுக்கு பார்ட்ஸ் கொடுக்குற கம்பெனிலயோ வேலை. டொயோட்டா முறைக்கு உலகத்துல உள்ள பேரு "ஜஸ்ட் இன் டைம்", தாயிச்சி ஓனோங்கிறவர் வளர்த்தெடுத்தது. பார்ட்ஸ் முன்னாடியே வந்து குடோன்ல குவியக் கூடாது, லேட்டாகி லைன் நிக்கவும் கூடாது, தேவைப்படுற நேரத்துல, தேவைப்படுற அளவு. இது அந்தப் பழைய தலைதட்டின ஜஸ்ட். ஆனா அதே பேக்டரிக்கு ஷிப்ட்டுக்கு ஓடுற பையன் கேட் மூடுறதுக்குள்ள நுழைஞ்சுட்டு "ஜஸ்ட் இன் டைம்"னு மூச்சு வாங்கினா அது "நல்லவேளை, நூலிழையில தப்பிச்சேன்". ஒண்ணு திட்டம், இன்னொண்ணு அதிர்ஷ்டம். நம்ம ஊருல ஜஸ்ட் பாஸ்னு சொல்றமே, முப்பத்தஞ்சு எடுத்துத் தப்பிச்சது, அது இந்த ரெண்டாவது வகை.

இப்போ ஜஸ்ட் நவ்வுக்கு வருவோம். இந்த ஊரு இங்கிலீஷ் பக்கத்து வீட்டுல இருந்து வாங்கின அர்த்தம் இது, பக்கத்து வீடு ஆஃப்ரிகான்ஸ். 1652-ல கேப்ல, அதாவது இன்னைக்கு கேப் டவுன் இருக்குற இடத்துல, வந்து இறங்கின டச்சுக்காரங்க மொழி இந்த மண்ணுல மாறி வளர்ந்ததுதான் ஆஃப்ரிகான்ஸ், அதுல "நெட்நோ"ன்னு ஒரு சொல் இருக்கு. நெட்னா ஜஸ்ட், நோன்னா நவ். ஆனா அந்த நெட்நோ கொஞ்சம் முன்னாடிக்கும் வரும், கொஞ்சம் பின்னாடிக்கும் வரும், இப்போங்கிற புள்ளிக்கு ரெண்டு பக்கமும் உள்ள சின்ன இடைவெளிதான் அது. அதை இங்கிலீஷ்ல சொல்லுக்குச் சொல் வச்சப்போ ஜஸ்ட் நவ், அந்த எதிர்கால அர்த்தமும் கூடவே வந்து இங்க ஆழமா வேர் விட்டுருச்சு. எனக்குப் பிடிச்ச ஒரு விவரம், அந்த "நெட்" கூட பிரெஞ்சு வழியாப் போனதுதான், சுத்தமானதுங்கிற பொருள்ல இருந்து மிகச்சரியாங்கிற பொருளுக்கு வந்தது, மளிகை பாக்கெட்ல நெட் வெயிட்னு போட்டிருக்கே அதே நெட். ஒருத்தன் நீதில இருந்து வந்தான், ஒருத்தன் சுத்தத்துல இருந்து வந்தான், ரெண்டு பேரும் ஒரே இடத்துல வந்து நிக்கிறாங்க.

"நவ் நவ்"னும் இருக்கு, ஆஃப்ரிகான்ஸ்ல நோ-நோ. அது ஜஸ்ட் நவ்வை விடச் சீக்கிரம், பெரும்பாலும் சில நிமிஷத்துல. ஐ சா ஹிம் நவ் நவ்னா இப்பதான் பார்த்தேன்னும் ஆகும். உண்மையிலயே இந்த நிமிஷம் வேணும்னா ரைட் நவ்னு கேட்கணும். இங்கத்த ஜூலு மொழியில "மன்ஜே"ன்னா இப்போ, அவசரம்னா "மன்ஜே மன்ஜே"ன்னு அடுக்குவாங்க. சூடா சூடா, வேற வேறன்னு அடுக்கிப் பழகின நமக்கு அது காதுக்கு நெருக்கமாவே இருக்கும். இங்கத்த இந்தியர்கள் இங்கிலீஷை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணின கேப் டவுன் யுனிவர்சிட்டி பேராசிரியர் ராஜேந்த் மெஸ்த்ரி இந்த மாதிரி நிறைய பதிவு பண்ணிருக்கார், டிஃபரன்ட் டிஃபரன்ட்னு அடுக்குறது, "ஐ மேட் ரைஸ் டூ, ஐ மேட் ரொட்டி டூ"ன்னு சொல்றது. சோறும் பண்ணினேன் ரொட்டியும் பண்ணினேன்கிற தமிழ் "உம்" அப்படியே டூவா நிக்குது. தமிழ் தெரியாதுன்னு சொல்ற பிள்ளைங்க வாயிலயே தமிழ் இலக்கணம் ஓடுதுன்னு அவங்க அம்மா அப்பாகிட்ட நான் சொல்லும்போது அவங்க முகம் மாறும், அதுக்காகவே அடிக்கடி சொல்லுவேன்.

சரி, "உடனே"ங்கிற சொல் எப்படி "அப்புறம்"னு ஆகும்? இது சவுத் ஆப்ரிக்காவோட குத்தம் கிடையாது, இங்கிலீஷோட பழக்கமே அப்படித்தான். சூன்ங்கிற சொல் பழைய இங்கிலீஷ்ல "உடனே"ன்னுதான் இருந்துச்சு, இன்னைக்கு சூன்னா கொஞ்ச நாள் கழிச்சுகூட ஆகலாம். அனான்ங்கிற பழைய சொல்லுக்கும் இதே கதி. பிரசன்ட்லின்னா இந்த நிமிஷமேன்னு இருந்தது பிறகு சற்று நேரத்துலன்னு தளர்ந்துச்சு. மனுஷங்க "உடனே வரேன்"னு சொல்லிட்டு கொஞ்சம் லேட்டா வருவாங்க, கேக்குறவங்களும் அதைக் கணக்குல எடுத்துக்க ஆரம்பிச்சுடுவாங்க, நாலஞ்சு தலைமுறை அப்படிப் போனா சொல்லோட அர்த்தமே தளர்ந்துரும். நம்ம "தோ வந்துட்டேன்" எங்க நிக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க, இறந்தகாலத்துல சொல்றோம், சொல்றப்போ பாதிப் பேர் இன்னும் குளிக்கவே போயிருக்க மாட்டாங்க. கேக்குற யாரும் அதைப் பொய்ன்னு எடுத்துக்கறதும் இல்ல. ஜஸ்ட் நவ்வையும் அப்படித்தான் எடுத்துக்கணும், அது ஒரு வாக்கு, மறக்கலைங்கிற உறுதி, மணி அதுல கிடையாது. மணி வேணும்னா "வாட் டைம்?"னு கேட்டுடுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

இவ்வளவு தேஞ்சும் அந்த முதல் அர்த்தம் சாகலை, இந்த நாட்டுல அது ரொம்ப உயிரோட இருக்கு, பேப்பர் படிக்கிறவங்க தினம் பார்க்குறதுதான். 1996 அரசியலமைப்புல 33-ஆவது பிரிவோட தலைப்பே "ஜஸ்ட் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஆக்ஷன்", அரசாங்க அதிகாரி எடுக்குற முடிவு சட்டப்படியும் நியாயமாவும் இருக்கணும்ங்கிற உரிமை. வெறும் நிர்வாக நடவடிக்கைன்னு படிச்சா போச்சு. 25-ஆவது பிரிவு நிலத்தைப் பத்தினது, அரசு நிலத்தை எடுத்தா தர்ற இழப்பீடு "ஜஸ்ட் அண்ட் ஈக்விட்டபிள்"ஆ இருக்கணும்னு சொல்லுது. சந்தை விலை அதுல பார்க்க வேண்டிய அஞ்சு விஷயத்துல ஒண்ணுதான், அந்த நிலம் முன்னாடி எப்படிக் கைமாறுச்சுங்கிற வரலாறும் இன்னொண்ணு. எந்த இனத்து ஆளுங்க எங்க குடியிருக்கணும்னு பிரிச்சு வச்ச, 1950-ல வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால வீட்டையும் தோட்டத்தையும் விட்டுக் கிளம்பி சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளப்பட்ட குடும்பங்களுக்கு அந்த "வரலாறு"ங்கிற சொல் எவ்வளவு கனம்னு விளக்க வேண்டியதில்ல. 2025 ஜனவரில கையெழுத்தான நில எடுப்புச் சட்டம், சில சூழ்நிலைல, உதாரணமா சொந்தக்காரர் கைவிட்டுப் போன நிலம்னா, இழப்பீடு பூஜ்யமா இருக்குறதே கூட ஜஸ்ட் அண்ட் ஈக்விட்டபிளா இருக்கலாம்னு சொல்லுது, நாடே அதைப் பத்தி வாதாடுச்சு. வாதம் முழுக்க அந்த ஒத்தைச் சொல்லுக்குள்ளதான்.

"ஜஸ்ட் எனர்ஜி டிரான்சிஷன்"னு டிவியில வர்றதும் அதே நீதிதான், வெறும் எனர்ஜி மாற்றம் இல்ல. நிலக்கரியை விட்டு மாறும்போது அந்த நிலக்கரியை நம்பிப் பிழைச்சவங்களைத் தெருவுல விடக் கூடாதுங்கிறதுதான் அந்த ஜஸ்ட். 2021 நவம்பர்ல கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுல இதுக்காக 850 கோடி டாலர் தர்றதா பணக்கார நாடுங்க அறிவிச்சுது, அப்புறம் 2025-ல அமெரிக்கா விலகிக்கிச்சு. இதுக்கு நடுவுல 2022 அக்டோபர் கடைசில ம்புமலாங்கா மாகாணத்துல கொமாட்டி அனல்மின் நிலையத்தை மூடிட்டாங்க. அதைச் சுத்தி வேலை பார்த்தவங்களும் கடை வச்சிருந்தவங்களும் எங்களுக்கு மாத்து வேலை எங்கன்னு கேட்டாங்க. டிரான்சிஷன் அவங்க ஊருக்கு வந்துருச்சு, முன்னாடி நிக்கிற அந்த ஜஸ்ட்டைத்தான் அவங்க கேட்குறாங்க.